வைக்கோல் போரும் சித்திரைப் பிள்ளையும்

கோதைநாயகிக்கு வயது இருபத்தொன்று. வைகாசியில் கல்யாணம். ஆடி பிறப்பதற்கு முந்தின நாளே அவளை ராஜபாளையத்துக்கு, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆடியில் உண்டானால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், குடும்பத்துக்கு ஆகாது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் மாமியாருக்கு அப்படி ஒரு பயம். மகன் ஜகந்நாதனிடமும் மருமகளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வண்டி ஏற்றினாள்.

சத்தியமாவது ஒண்ணாவது! ஆடிப்பூரத்துக்கு வந்த இடத்தில், ஊரே தேரடியில் நிற்க, இதுகள் ரெண்டும் மாமியார் வீட்டுக் கொல்லையில் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்றன. கட்டிப்பிடித்தார்கள், முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். உடுத்தின துணி உடுத்தினபடிதான். தேர் நிலைக்கு வருமுன் ஆளுக்கொரு பக்கம் வைக்கோலைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆவணி பிறந்தும் கோதைக்கு மாதவிலக்கு வரவில்லை. ஐயோ, வைக்கோல் போர் வேலை காட்டிவிட்டதே என்று சோறு இறங்கவில்லை அவளுக்கு. மாமியார் முகத்தில் எப்படி முழிப்பது? வயிற்றுவலி என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, கூடப் படித்த ஏசம்மாளைத் தேடி ஓடினாள். ஏசம்மாள் இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

கோதை அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். ஏசம்மாள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டாள்.

"ஏட்டி, முத்தத்துக்கும் துணியோட கட்டிப்பிடிக்கதுக்கும் பிள்ளை உண்டாகாது. ஆனா ஒண்ணு. கூடாட்டாலும், ஆம்பளை விந்து பிறப்புறுப்பு வாசல்ல பட்டுட்டா அபூர்வமா உண்டாகலாம். அப்படி ஏதும் உண்டா?"

இல்லவே இல்லை என்று கோதை தலையாட்டினாள். அப்படியானால் கடைசியாக எப்போது விலக்கானாய் என்று ஏசம்மாள் கேட்டாள். ஆனி ரெண்டாம் தேதி. ஏசம்மாள் விரல் விட்டு எண்ணினாள். அப்படியானால் ஆனி முப்பதிலேயே வந்திருக்க வேண்டுமே? அது கல்யாண அலைச்சலில் தள்ளிப்போனது என்று விட்டுவிட்டதாகக் கோதை இழுத்தாள். பயத்தில் அதை மறந்தே போயிருந்தாள். ஏசம்மாள் சிறுநீரைச் சோதித்துப் பார்த்தாள், பொறவு அடக்கி வைத்திருந்த சிரிப்பை அவிழ்த்துவிட்டாள். ஆடி பிறக்குமுன்பே உண்டாகியிருக்கிறது. பங்குனி பத்துவாக்கில் பிள்ளை பிறக்கும்.

கோதைக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. ரெண்டையும் செய்தாள்.

மறுநாள் அழைத்துப்போக வந்த ஜகந்நாதன் பேயறைந்த மாதிரி இருந்தான். அவனும் அந்த வைக்கோல் போரை நினைத்து இளைத்திருந்தான் பாவம். பங்குனியில் பிள்ளை என்று சொன்னதும் அவளைத் தூக்கிச் சுற்றாத குறைதான். செத்த நேரம் கழித்து முகம் மாறியது.

"அப்ப ஆடி பூரா நம்மளப் பிரிச்சு வச்சது எதுக்கு?"

கோதை யோசித்துப் பார்த்தாள். ஏற்கெனவே உள்ளே இருந்த பிள்ளையை வராமல் தடுக்க முப்பத்தொரு நாள் காவல் இருந்திருக்கிறார்கள். அடக்கமாட்டாமல் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி கிளம்பி ஊர் எல்லை தாண்டியும் ரெண்டு பேரும் சிரிப்பை நிறுத்தவில்லை.