ஆடியில் ஆரம்பித்த கிறிஸ்துமஸ்

எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர் தொங்கும். ஒன்று மாதா கோயிலில் கொடுத்தது. இன்னொன்று நான் வாங்கி மாட்டுகிற தினசரிக் காலண்டர், ராகுகாலம், எமகண்டம், ஏகாதசி எல்லாம் போட்டது. ஜூடைக் கல்யாணம் செய்துகொண்டு உப்பிலியபுரத்திலிருந்து திருச்சி மேலப்புதூருக்கு வந்த நாள் முதல் இப்படித்தான். நான் மதம் மாறவில்லை, அவரும் மாறச் சொல்லவில்லை. அவரோடு பூசைக்கும் போவேன், சமயபுரத்துக்கும் போவேன். அதில் எங்களுக்குள் ஒரு தகராறும் கிடையாது. தகராறெல்லாம் ஜூடின் அக்கா லூர்துமேரிக்கும் எனக்கும்தான். அதுவும் ஒரே விஷயத்தில்: கிறிஸ்துமஸ் வேலையை எப்போது ஆரம்பிப்பது?

லூர்தக்காவுக்கு டிசம்பர் இருபத்து மூன்று. அன்றைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து குடும்பத்தோடு கிளம்பி, சின்னக்கடை வீதியில் ஆளோடு ஆள் இடித்து, மிதி வாங்கி, தொண்டை வற்றப் பேரம் பேசி வாங்கினால்தான் அது கிறிஸ்துமஸ் துணி. அதற்கு முன்னால் வாங்குவதெல்லாம் அவருக்குப் பழைய சரக்கு. எனக்கு அந்தக் கதையே ஆகாது. கூட்டத்தில் நசுங்கி, கடைக்காரன் தள்ளிவிட்டதை வாங்கிக்கொண்டு வருவதற்கு என்ன பக்தி வேண்டிக்கிடக்கிறது? நான் ஆடித் தள்ளுபடியிலேயே ஆரம்பித்துவிடுவேன். கடைக்காரர்கள் உட்காரவைத்து, நிதானமாகப் பிரித்துக் காட்டுவார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. என் மாமனார் காலத்திலிருந்து, கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்குக் குடும்பம் மொத்தமும் ஒரே துணியில்தான் போகும். ஆண்களுக்குச் சட்டை, பெண் பிள்ளைகளுக்குக் கவுன், எனக்கும் லூர்தக்காவுக்கும் ஜாக்கெட். இரண்டு வீடும் சேர்த்து ஒன்பது பேர், ஒரே வரிசையில் உட்காருவோம். மாமனார் போன பிறகும் அதை ஒரு வருஷம்கூட விட்டதில்லை. அதனால் எப்போது வாங்குவது என்பது அவரவர் இஷ்டமில்லை, யாராவது ஒருத்தர் சொல்வதுதான் நடக்கும்.

போன வருஷம் நான் சொன்னது நடந்தது. அதுதான் வினை. ஆடியில் ரெடிமேடாக எடுத்து பீரோவில் பூட்டிவைத்தேன். பிள்ளைகள் வளரும் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. கிறிஸ்துமஸ் அன்று லூர்தக்காவின் மூத்த மகன் சவரிக்குச் சட்டைக் கை மணிக்கட்டுக்கு எட்டவில்லை, பட்டனும் போட முடியவில்லை. அவன் பூசை முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டே நின்றான். கோயில் வாசலில் நாலு பேர் பார்த்துச் சிரித்தார்கள். என் மானம் கப்பலேறியது.

வெளியே வந்ததும் எல்லோர் முன்னாலும் லூர்தக்கா சொன்னார்.

"இனிமே துணியெல்லாம் நான் பாத்துக்கிறேன் வேணி. நீ தீபாவளி வீட்டுல பொறந்தவ. கிறிஸ்துமஸ் எப்ப ஆரம்பிக்கணும்னு எங்களுக்குத் தெரியும்."

சட்டை பத்தவில்லை என்று திட்டியிருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பேன். இது அதுவல்ல. இத்தனை வருஷம் இந்த வீட்டில் கேக்குக்கு மாவு கலந்து, குடிலுக்கு வைக்கோல் பரப்பி, ஸ்டார் கட்ட ஏணியில் ஏறி, கடைசியில் நான் விருந்தாளியா? வீட்டுக்கு வந்து ஜூடிடம் பொரிந்து தள்ளினேன். அக்கா அப்படித்தான், விடு என்றார். எனக்கு விட வரவில்லை.

அடுத்த ஆடியில் துணிக்கடைப் பக்கமே போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஆடி பிறந்த வாரம் தினசரிக் காலண்டரின் பின்பக்கம் விசேஷ நாட்களைப் பார்த்தபோது திக்கென்றது. வைகுண்ட ஏகாதசி, டிசம்பர் இருபத்து மூன்று.

ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறக்கிற நாள் என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. தீவு முழுக்க மனிதத் தலைதான். பஸ்ஸை எங்கே நிறுத்துவார்கள், எந்தத் தெருவை அடைப்பார்கள் என்று சொல்ல முடியாது. லூர்தக்கா வீடோ அம்மா மண்டபம் ரோட்டில். அன்றைக்கு எப்படிக் கடைக்கு வருவார்? கோபத்தையும் மீறி போன் போட்டுச் சொன்னேன்.

அக்கா சிரித்தார். "வைகுண்ட ஏகாதசி இந்த ஜனவரியிலதானே வந்துட்டுப் போச்சு? ஒரே வருஷத்துல ரெண்டு தடவ எங்கயாச்சும் வருமா? உன் காலண்டர்ல தப்பா அச்சடிச்சிருப்பான்."

அவர் கணக்கு இங்கிலீஷ் வருஷக் கணக்கு. ஏகாதசிக்கு மார்கழிதான் கணக்கு. மார்கழியோ டிசம்பர் பாதியில் ஆரம்பித்து ஜனவரி பாதியில் முடிகிறது. அந்த வருஷம் ஜனவரி ஆரம்பத்திலும் ஒன்று வந்தது, டிசம்பர் கடைசியிலும் ஒன்று. இதை விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அக்கா இட்லிக்கு ஊறவைத்த அரிசி பற்றிப் பேசிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே சின்னக்கடை வீதிக்குப் போனேன். தள்ளுபடியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு துணி கிடைத்தது, கண்ணை எடுக்க முடியவில்லை. ஒன்பது பேருக்கும் தாராளமாக வெட்டச் சொன்னேன். ஒரு முறை ரெடிமேடில் சூடுபட்டது போதாதா? துணிதான் ஆடியில், தையல் கார்த்திகையில் என்று முடிவு செய்தேன். திரும்பும்போது, அதே மயில்கழுத்து நிறத்தில் கரை போட்ட சந்தன நிறப் புடவை ஒன்று லூர்தக்காவுக்குப் பரிசாக எடுத்தேன். திட்டினாலும் நாத்தனார் நாத்தனார்தானே.

பாலக்கரையில் டெய்லர் கலீல் பாயிடம் துணியைக் கொடுத்துவைத்தேன். தீபாவளி முடிந்த கையோடு அவர் கிறிஸ்துமஸ் ஆர்டரை நிறுத்திவிடுவார், அப்புறம் பிஷப்பே வந்தாலும் வாங்கமாட்டார். ஆடியில் வந்து இடம் பிடித்த முதல் ஆள் நான்தான் என்று சிரித்தார். அளவு எங்கே என்று கேட்டார். வரும் என்றேன்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. மாமனார் கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். யார் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் பார்ப்போம் என்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, விளையாட்டுப் போல இஞ்சு டேப்பால் தோள், கை, இடுப்பு எல்லாம் அளந்தேன். லூர்தக்காவிடம் அவர் ஜாக்கெட் வெட்டு எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லி, அளவு ஜாக்கெட் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அக்காவுக்கு ஒரே பெருமை. பெரியவர்களுக்குப் பழைய அளவே போதும். பிள்ளைகள் துணியில் மட்டும் உள்பக்கம் பிரித்துவிடுகிற மாதிரி துணி விட்டுத் தைக்கச் சொன்னேன்.

ஜூடுக்கு மட்டும் விஷயம் தெரியும். அக்கா நல்லபடியாகத் துணி எடுத்துவிட்டால் இதையெல்லாம் என்ன செய்வாய் என்றார். தலையணை உறை தைப்பேன் என்றேன். வாய்தான் சொன்னது. அப்படி ஆகிவிட்டால், சொன்ன பேச்சு கேட்காமல் இந்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைத்தவள் என்ற பெயரோடு நான் வாயைத் திறக்காமல் கிடக்கவேண்டியதுதான். அது எனக்கும் தெரிந்தே இருந்தது.

டிசம்பர் வந்தது. ஸ்ரீரங்கத்தில் பந்தல் போட ஆரம்பித்த பிறகுதான் லூர்தக்காவுக்கு விஷயம் புரிந்திருக்கும். ஆனாலும் அவர் அசைந்துகொடுக்கவில்லை. கூட்டம் எனக்குப் புதுசா என்றாராம். அவர் கணவர் பாக்கியநாதன் அத்தான், முன்கூட்டியே ஒரு நாள் போய்வரலாமே என்று கெஞ்சியிருக்கிறார். இருபத்து மூன்றென்றால் இருபத்து மூன்றுதான்.

அந்த இருபத்து மூன்றாம் தேதி காலையிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானம் அத்தான் போன் செய்தார். தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிவிட்டார்களாம். ஆட்டோ இல்லை, பஸ் இல்லை, நடக்கலாம் என்றால் கடைசிப் பிள்ளை கூட்டத்தைப் பார்த்து அழுதிருக்கிறாள். ஐயோ பாவம் என்றேன். என் குரலில் சந்தோஷம் தெரிந்துவிடக்கூடாதே என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

இருபத்து நான்காம் தேதி மத்தியானம் லூர்தக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே குடும்பம். கை நிறையப் பைகள். விடிந்ததிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். பையைப் பிரித்துக் கட்டிலில் போட்டார். சிவப்பில் மூன்று விதம், ஒன்று கட்டம், ஒன்று கோடு, ஒன்று வெறும் சிவப்பு. சவரி அளவுக்குச் சட்டையே இல்லை. பெண் பிள்ளைகளுக்குக் கிடைத்தது மஞ்சள்.

"ஒரே துணி கெடைக்கலடி வேணி. எங்கப்பா போனப்புறம்கூட ஒரு வருஷம் தவறினதில்ல. என்னாலதான் தவறிப்போச்சு."

சொல்லிவிட்டு அழுதார். லூர்தக்கா அழுது நான் பார்த்தது மாமனார் இறந்த அன்றுதான்.

இந்த நாளுக்காக நான் ஆடியிலிருந்து வசனம் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். நறுக்கென்று நாலு கேள்வி. அத்தனையும் அப்படியே போகட்டும் என்று விட்டேன். எழுந்துபோய் பீரோவைத் திறந்து, தேய்த்து மடித்துவைத்திருந்த துணி முழுவதையும் கொண்டுவந்து கட்டிலில் வைத்தேன். மயில்கழுத்து நிறம் அந்தச் சிவப்பு மஞ்சள் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

சவரிதான் முதலில் சட்டையை மாட்டிப் பார்த்தான். கை மணிக்கட்டுக்குச் சரியாக வந்து நின்றது. பட்டனைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினான். ஜூட் விசிலடித்தார்.

லூர்தக்கா ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குமா? எப்ப எடுத்த?"

"ஆடியிலக்கா."

"அப்படின்னா... நான் உன்னை அப்படிப் பேசினதுக்கு அப்புறம்."

"ஆமாங்கக்கா. அதுக்கப்புறம்தான்."

புடவையையும் எடுத்து மடியில் வைத்தேன். அக்கா அதன் கரையை விரலால் தடவினார். பிறகு, உனக்கென்று நான் ஒன்றுமே வாங்கவில்லையே என்று மெல்லச் சொன்னார். அதற்கென்ன, அடுத்த வருஷம் வாங்கிக் கொடுங்கள் என்றேன்.

மறுநாள் காலைப் பூசைக்கு ஒன்பது பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். பூசை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். போன வருஷம் சிரித்த அதே முகங்கள். எங்கே எடுத்தீர்கள், கடைசி நேரத்தில் ஒன்பது பேருக்கும் எப்படிக் கிடைத்தது என்று லூர்தக்காவைத்தான் கேட்டார்கள், இனிமேல் துணியெல்லாம் தான்தான் எடுப்பேன் என்று போன வருஷம் இதே வாசலில் சொன்னவர் அவர்தானே. நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் ஒதுங்கி நின்றேன்.

அக்கா என் கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினார். கோயில் வாசல் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

"நான் எடுக்கல. இவதான் எடுத்தா. எங்க வீட்டுல கிறிஸ்துமஸ் எப்ப ஆரம்பிக்கணும்னு இவளுக்குத்தான் தெரியும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டேன். ஜெயித்தவள் குனிந்துகொண்டு நிற்பாளா என்ன?

மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்திருந்தார்கள். புதுவருஷத்துக்கு வாங்கிய தினசரிக் காலண்டரை நான் இன்னும் சுவரில் மாட்டவில்லை, மேஜைமேல் கிடந்தது. லூர்தக்கா அதை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள்களைப் புரட்டினார். ஜனவரி, பிப்ரவரி எல்லாம் தள்ளி, ஜூலையில் வந்து நின்றார்.

"வேணி, ஆடி ஒண்ணு புதன்கிழமை வருது. அன்னைக்கு நானும் கடைக்கு வரேன். என்னை விட்டுட்டுப் போயிடாத."