ஏற்கப்பட்ட படம்

எங்கள் தெருவில் என் பெயர் டச்சப். பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். கல்யாண ஆல்பம் அச்சடிக்கிற மூன்று லேப்களுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். பரு, தழும்பு, கருவளையம், எண்ணெய் வழிகிற மூக்கு என்று படத்தில் எது இருந்தாலும் கம்ப்யூட்டரில் வைத்துத் துடைத்து அனுப்புவது என் பிழைப்பு. மாப்பிள்ளைகளின் தொப்பையைக்கூட உள்ளே தள்ளியிருக்கிறேன். ஏன் தள்ளினாய் என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளக்கூடாதா என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

என் மகளுக்குப் பிறக்கும்போதே இடது கன்னத்தில் கருஞ்சிவப்பாக ஒரு திட்டு உண்டு. கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும் இறங்கும். டாக்டர்கள் பார்த்துவிட்டு, உயிருக்கு ஒன்றும் இல்லை, அப்படியே விட்டுவிடுங்கள் என்றார்கள். விட்டுவிட்டோம். மற்றவர்கள்தான் விடவில்லை. ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். முதல் குத்திலேயே நரம்பைப் பிடிக்கிற கை. ஆனால் ரத்தம் எடுக்க அவளை முன்னால் உட்கார வைக்க மாட்டார்கள். வருகிறவர்கள் பயப்படுவார்களாம். பின்னறையில் மெஷினோடு மெஷினாக ஆறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். போன நேர்முகத் தேர்வில் எல்லாம், 'சொல்லி அனுப்புகிறோம்' என்றார்கள். ஒருத்தனும் சொல்லி அனுப்பவில்லை.

அதனால்தான் அரசு மருத்துவமனை வேலைக்கு அறிவிப்பு வந்ததும் துள்ளிக் குதித்தாள்.

"அப்பா, இதுல நேர்முகமே கிடையாதுப்பா. எழுதி மார்க் வாங்கினா போதும். யாரும் என் மூஞ்சியப் பாக்கப் போறதில்ல."

வயது வரம்பு முப்பது. அவளுக்கு இருபத்தொன்பது முடியப் போகிறது. இந்தப் பரீட்சை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும். அடுத்த தடவை அவளால் மனுவே போட முடியாது. எட்டு மாதம் புத்தகமும் கையுமாகக் கிடந்தாள். தூங்கும்போதும் என்னவோ முணுமுணுக்கிறாள் என்று அவள் அம்மா பயந்துபோனாள்.

மனு ஆன்லைனில்தான். படம் ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பின்னால் வெள்ளை, காது இரண்டும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது, தலை சாயக் கூடாது, நிழல் விழக் கூடாது. ஸ்டூடியோவுக்குப் போக மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். முன்பு ஒருவன் அவளைக் கேட்காமலே கன்னத்தை வெளுத்துக் கொடுத்திருந்தான். படத்தை அவன் மேஜையிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வந்தவள் அவள்.

"நீயே எடுப்பா. ஆனா ஒண்ணு. என் மூஞ்சியில கைய வைக்காத. உன் கைக்கு அரிப்பு ஜாஸ்தி."

"என் பொண்ணு முகத்துல நான் எதுக்கும்மா கைய வைக்கிறேன்?" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினோம். மடிப்பு தெரிந்தது. அவிழ்த்து, இஸ்திரி போட்டு, மறுபடி கட்டினோம். பிறகு காதுக்குப் பின்னால் நிழல் விழுந்தது. நாற்காலியை மூன்றடி முன்னால் இழுத்தேன். இன்னொரு பக்கத்திலிருந்து வெளிச்சம் திரும்பட்டும் என்று வீட்டுக்காரியைத் தெர்மோகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தேன். அவளுக்குக் கை வலித்தது.

"ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் முகம் பாத்த மனுஷன், சொந்தப் பொண்ணுக்கு ஒரு படம் எடுக்க இந்தப் பாடு படுத்தறீங்களே," என்றாள்.

மகள் சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று நான் சத்தம் போட, இன்னும் சிரித்தாள். பதினேழு படம் எடுத்தோம். பதினான்காவது அற்புதமாக வந்திருந்தது. நேராகப் பார்க்கிற பார்வை, மூடின உதடு, திட்டு அதன் இடத்தில் அப்படியே. அதை அவளே தேர்ந்தெடுத்தாள். அன்றைக்கு முழுக்க சர்வர் படுத்துவிட்டது. திங்கட்கிழமை மாலை ஐந்து மணி கடைசி நேரம். அவளுக்குக் காலையிலிருந்து ஷிப்ட், போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். படத்தை ஏற்றுகிற வேலையை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள்.

மதியம் இரண்டு மணிக்குத் தளம் திறந்தது. படத்தை ஏற்றினேன். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: முகத்தில் நிழல் உள்ளது. படம் ஏற்கப்படவில்லை.

நிழலா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். ஒரு பொட்டு நிழல் இல்லை. சரி என்று பதினைந்தாவதைப் போட்டேன், பிறகு பன்னிரண்டாவதை. பதினேழையும் போட்டேன். பதினேழுக்கும் அதே பதில். அப்புறம்தான் இந்த மரமண்டைக்கு உறைத்தது. அது நிழல் என்று சொன்னது என் மகளின் கன்னத்தை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மானிட்டரைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். தெருவில் பார்க்கிறவர்கள் பார்த்தது போதாதென்று, கண்ணே இல்லாத ஒரு சனியனும் அவளைக் குறை சொல்ல வந்துவிட்டது. உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். அரைமணி நேரம் பாட்டுப் பாடிவிட்டுத் துண்டித்தது. மகள் வேலை செய்கிற இடத்துக்குப் போட்டேன். சொல்லிவிடுகிறோம் என்று வைத்துவிட்டார்கள். அவள் கூப்பிடவில்லை.

மூன்றே முக்காலுக்குப் பதினான்காவது படத்தை என் வேலை மேஜையில் திறந்தேன். கொஞ்சம் வெளுத்தால் போதும், மெஷினின் கண்ணை மறைத்தால் போதும் என்றுதான் தொடங்கினேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். ஒரு கால்பங்கு குறைத்தேன். ஏற்கவில்லை. பாதி குறைத்தேன். நாலே கால் மணிக்குப் பச்சை எழுத்தில் வந்தது: படம் ஏற்கப்பட்டது.

கீழே 'சமர்ப்பி' என்ற பொத்தான் காத்திருந்தது. அதை அப்போதே அழுத்தியிருக்க வேண்டும்.

அழுத்தவில்லை. படத்தைப் பார்த்தேன். திட்டு முழுசாகவும் இல்லை, போகவும் இல்லை. சரியாகக் கழுவாத பாத்திரம் மாதிரி கன்னம் அழுக்காகத் தெரிந்தது. இப்படி அரைகுறையாக ஒரு முகம் இருபத்தைந்து வருஷத்தில் என் மேஜையை விட்டுப் போனதில்லை. தொட்டதுதான் தொட்டாயிற்று, சுத்தமாக முடிப்போமே என்று கை சொன்னது. நெற்றியிலிருந்து கொஞ்சம் தோலை எடுத்தேன், வலது கன்னத்திலிருந்து கொஞ்சம் எடுத்தேன், இடது கன்னத்தில் வைத்து ஓரத்தைத் தேய்த்தேன். இருபது நிமிஷத்தில் முடிந்தது. முகம் தெரியாத எத்தனையோ பெண்களுக்குச் செய்த வேலை, என் பெண்ணுக்கும் செய்து முடித்தேன்.

முடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து பார்த்தேன். மறைத்து என்ன ஆகப் போகிறது, சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவள் இப்படிப் பிறந்திருந்தால் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குள் இத்தனை வருஷம் இருந்தது எனக்கே தெரியாது. ஏற்கனவே ஏற்கப்பட்ட படத்தை எடுத்துவிட்டு இதை ஏற்றினேன். இதுவும் ஏற்கப்பட்டது. நாலு நாற்பதுக்குச் சமர்ப்பித்தேன்.

ஷிப்ட் முடிந்து ஐந்தேகாலுக்கு அவள் கூப்பிட்டாள்.

"ஏத்துக்கிச்சாப்பா?"

"ஏத்துக்கிச்சும்மா."

"நீ எதுவும் தொடலயே?"

"சேச்சே."

பொய் சொல்ல நான் யோசிக்கக்கூட இல்லை. தானாக வந்தது.

ஒன்றரை மாதம் கழித்து நுழைவுச் சீட்டு வந்தது. நான்தான் அச்சடித்துக் கொடுத்தேன். கறுப்பு வெள்ளையில் கட்டைவிரல் அளவுப் படம். டோனர் வேறு தீரப் போகிற நேரம். "என்னப்பா இது, உருளைக்கிழங்கு மாதிரி இருக்கேன்," என்று சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் திருத்தம் கேட்டு ஒரு கடிதமாவது எழுதியிருக்கலாம். நாள் இருந்தது, தைரியம்தான் இல்லை. கறுப்பு வெள்ளைதானே, யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே காதில் பூ சுற்றிக்கொண்டேன்.

பரீட்சை ஒரு பள்ளிக்கூடத்தில். காலை எட்டரைக்கே போய்விட்டோம். ஒன்பதரைக்குக் கதவை மூடிவிடுவார்கள். உள்ளே போகிற இடத்தில் ஒரு மேஜை, அதன் மேல் லேப்டாப், எதிரில் ஒரு சின்னக் கேமரா. லேப்டாப் திரையில் ஒவ்வொருத்தரின் படமும் உள்ளங்கை அகலத்துக்குக் கலரில் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் வரிசையில் பாதி தூரம் போய்விட்டாள். திரும்பிப் பார்த்து என்னிடம் கையை ஆட்டினாள்.

பத்து நிமிஷத்தில் காவலாளி வெளியே வந்து, "அந்தப் பொண்ணோட அப்பா யாருங்க?" என்றார். எந்தப் பெண் என்று சொல்லவில்லை. தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

உள்ளே அந்த மேஜையில் இருந்த மேற்பார்வையாளர் ஒரு அம்மா, என் வயதிருக்கும். கத்துகிறவராகத் தெரியவில்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"சார், இந்தப் படத்துல இருக்கறது யாரு?"

"என் பொண்ணுதாங்க."

"நேர்ல பாத்தா வேற ஆளா இருக்கே. மெஷினும் பொருந்தலன்னு சொல்லுது."

மகள் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்து அசல் படத்தைக் காட்டினேன். "மேடம், இதுதாங்க எடுத்தது. உங்க தளம் நிழல்னு சொல்லித் தள்ளிருச்சு. நான்தான் திருத்தினேன். அவளுக்கு எதுவும் தெரியாது. எட்டு மாசமா படிச்சிருக்கா. கைரேகை வாங்கிக்கோங்க, வேற எது வேணும்னாலும் வாங்கிக்கோங்க. உள்ள மட்டும் விடுங்க."

அவர் அசலையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நீங்களே சாட்சி சொல்றீங்களே சார். திருத்தின படம்னா மனுவே செல்லாது. நான் இவங்கள உள்ள விட்டா நாளைக்கு என்னை வெளிய அனுப்பிடுவாங்க." பிறகு மகளிடம், "கொஞ்சமா திருத்தியிருந்தா அடையாளமாவது தெரிஞ்சிருக்கும்மா. நானே கையெழுத்துப் போட்டு விட்டிருப்பேன். இதுல அந்த அடையாளமே இல்லையே," என்றார்.

நான் அவர் காலில் விழப் போனேன். மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வாப்பா," என்றாள். நாங்கள் வெளியே வந்த பிறகு கதவை மூடினார்கள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தோம். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அழுதிருந்தால் எனக்கு அது தேவலையாக இருந்திருக்கும். பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து என் முட்டியில் கையை வைத்தாள்.

"விடுப்பா. நீ என்ன பண்ணுவ? மெஷின் ஏத்துக்கல. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். உன் இடத்துல நான் இருந்தாலும் அதான் பண்ணியிருப்பேன். எங்கிட்ட சொல்லியிருக்கலாம், அவ்ளோதான்."

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருந்தால் போதும். மகள் என்னை மன்னித்துவிட்டாள், கதை முடிந்தது. வீட்டுக்குப் போயிருப்போம், அவள் அம்மா அழுதிருப்பாள், மறுநாள் மகள் பின்னறைக்குத் திரும்பியிருப்பாள், நான் நல்ல அப்பனாகவே இருந்திருப்பேன். ஆனால் அந்தக் கை என் முட்டியில் இருந்தது. அது என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மாடி, மெஷின் முன்னாடியே ஏத்துக்கிச்சு," என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பாதி வெளுத்த படம், நாலே கால் மணி, பச்சை எழுத்து, அழுத்தாமல் விட்ட பொத்தான், அதற்கப்புறம் நான் உட்கார்ந்து வேலை செய்த இருபது நிமிஷம். ஒன்றையும் விடவில்லை.

முட்டியிலிருந்து கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"அப்புறம் எதுக்குப்பா பண்ண?"

"தெரியல."

"தெரியும். சொல்லு."

"நல்லா இருந்துச்சும்மா," என்றேன்.

"அந்தப் படம் போன்ல இருக்கா?"

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கலரில் அவள் அதை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். இரண்டு விரலால் பெரிதாக்கினாள். கன்னத்தை, கண்ணை, தாடையை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு பஸ் வந்து நின்று போனது. அவள் தலையைத் தூக்கவில்லை.

"அழகாத்தான் இருக்கா," என்றாள் கடைசியில். "இன்னிக்கு இவளையே பரீட்சைக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாமேப்பா."

போனை என் சட்டைப் பையில் போட்டாள். அடுத்த பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாள். நான் ஏறவில்லை. அவளும் கூப்பிடவில்லை.