பாத்திரத்துல மிச்சம்

பஸ் பாலத்துல ஏறிடுச்சுன்னு மோகனராஜ் கடைசி பெஞ்சிலேருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாரு. ஃபாதர் எஸ்ரா அதை நம்பிட்டாரு. பெரிய பாத்திரத்தை ரொப்பிடும்மான்னு பீடத்துல உதவிக்கு நின்ன துளசிகிட்ட தலையை ஆட்டினாரு. வினை அங்கதான் ஆரம்பிச்சது.

வருஷத்துக்கு ஒருதடவை அக்கரையிலேருந்து சுங்கை பட்டாணி சபைக்காரங்க பஸ்ல பினாங்குக்கு வந்து, ஒண்ணா உக்காந்து ஆராதனை பண்ணிட்டு, ஒண்ணா சாப்பிட்டுட்டுப் போவாங்க. இந்தத் தடவை நாப்பத்தஞ்சு பேரு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில இப்ராஹிம் பாய் கடையில அறுபது சாப்பாட்டுப் பொட்டலம் சொல்லி, அது ஹாலுக்கும் வந்து சேந்தாச்சு. ஆளுங்கதான் வரல. எட்டு மணி ஆராதனை எட்டே காலுக்கு ஆரம்பிச்சு, பிரசங்கத்தை இழு இழுன்னு இழுத்தும் உள்ள பதினாலே பேருதான்.

பண்டிகைக்கு மட்டும் பீரோவிலேருந்து எடுக்கற வெள்ளிப் பாத்திரம் அது. முக்கால் பாட்டில் திராட்சரசம் பிடிக்கும். துளசி விளிம்புக்கு ஒரு விரக்கடை விட்டு ஊத்தினா. எஸ்ரா அதும் மேல கையை வச்சு, திருவிருந்து ஜெபத்தை ஒரு வார்த்தை விடாம சொல்லி முடிச்சாரு. ஆமென்னு எல்லாரும் சொன்னாங்க.

ஆமென் அடங்கறதுக்குள்ள மோகனராஜ் நடு வழியா முன்னால வந்தாரு. சபைக் காரியமெல்லாம் பார்த்துக்கற வார்டன் அவருதான். அறுபத்தேழு வயசு. முப்பது வருஷம் ஃபேக்டரியில சூப்பர்வைசரா இருந்தவரு, கோயிலையும் அதே கண்ணாலதான் பார்ப்பாரு. ஆராதனைக்கு நடுவுல அவரு நடந்து வந்து யாரும் பார்த்ததில்ல. பீடத்துக் கம்பி கிட்ட குனிஞ்சு, வாயை மூடினமாதிரி சொன்னாரு.

"பஸ் இஞ்சின்ல பொகை வந்து பாலத்துலயே நின்னுடுச்சாம். இழுத்து அக்கரைக்கே, பிறைக்கே கொண்டுபோறாங்க. வரமாட்டாங்க. நீங்க நடத்துங்க."

எஸ்ரா பாத்திரத்தைப் பார்த்தாரு. கிட்டத்தட்ட முக்கால் பாட்டில் ரசம், இனி திரும்ப பாட்டிலுக்குப் போவாது.

ஏன்னு சொல்றேன். ஜெபம் பண்ணாத ரசம் வெறும் ரசம், பாட்டில்ல திருப்பி ஊத்திடலாம். ஜெபம் பண்ணிட்டா கதையே வேற. அதை எடுத்து வைக்கக் கூடாது, தொட்டியில ஊத்தக் கூடாது, மண்ணுலயும் ஊத்தக் கூடாது. மிச்சம் எவ்வளவு இருந்தாலும் அங்கயே, அப்பவே, குடிச்சு முடிச்சாகணும். குடிக்க வேண்டியது குருவானவரு. கூட நிக்கறவங்களும் குடிக்கலாம்னு சட்டத்துல இருக்கு. ஆனா இந்தக் கோயில்ல அந்தப் பழக்கமே கிடையாது. பீடத்துல நிக்கறவரு முதுகைக் காட்டி நின்னு முடிப்பாரு, ஜனங்க பாட்டு பாடிக்கிட்டு இருப்பாங்க.

எஸ்ரா குடிக்கமாட்டாரு. குடிக்கக் கூடாது. மூணு வருஷம் நாலு மாசமா ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல.

இங்க வர்றதுக்கு முன்னால குளுவாங்ல அவரு சபை நடத்தினாரு. அங்க ஞாயித்துக்கிழமை மிச்சத்துல தொடங்கினதுதான். அப்புறம் அங்கி மாத்தற வெஸ்ட்ரி ரூம் பீரோவுல இருக்கற பாட்டில், அப்புறம் அலமாரிக்குப் பின்னால வேற பாட்டில். கடைசியா ஒரு நாள், ஒரு மனுசனை மண்ணுல எறக்கும்போது ஜெபத்துல செத்தவன் பேருக்குப் பதிலா, பக்கத்துல அழுதுகிட்டு நின்ன அவன் தம்பி பேரைச் சொல்லிட்டாரு. ஒருதடவை இல்ல, நாலு தடவை. அந்தத் தம்பி நாலாவது தடவை நிமிந்து பார்த்த பார்வை இன்னும் எஸ்ரா கண்ணுக்குள்ளதான் இருக்கு. பிஷப் அவரை ஒரு வருஷம் குடியை விட வைக்கற இல்லத்துல வச்சு, அப்புறம் பினாங்குக்கு அனுப்பினாரு. இங்க விஷயம் தெரிஞ்சது ஷர்வின் ஒருத்தனுக்குத்தான். ஷர்வின் இங்க உதவி குருவானவரு, சின்ன ஐயர்னு கூப்பிடுவாங்க. அவன்தான் வாராவாரம் மிச்சத்தைக் குடிச்சு முடிப்பான். எஸ்ரா அப்பத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, பாத்திரத்தை உதட்டுகிட்ட கொண்டுபோயி எடுத்துடுவாரு. ரெண்டு வருஷமா ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது.

இன்னைக்கு விடிகாலையில ஷர்வினோட பொண்டாட்டிக்கு வலி வந்துடுச்சு. அவன் ஆஸ்பத்திரியில நிக்கறான்.

எஸ்ரா மனசுக்குள்ள கணக்குப் போட்டாரு. பதினாலு பேரு, ஆளுக்கு ஒரு நல்ல வாய் குடிச்சா பாதி எறங்கிடும்.

ஆனா கோவிட்லேருந்து இங்க யாரும் பாத்திரத்துல வாய் வைக்கறதில்லயே. அப்பத்தோட ஓரத்தை ரசத்துல தொட்டு வாயில போட்டுக்கிட்டுப் போயிடுவாங்க. அன்னைக்கும் அப்படித்தான் கையை நீட்டிக்கிட்டு வந்தாங்க.

மொத ஆளுகிட்ட எஸ்ரா மெதுவா சொன்னாரு, "ஒரு வாய் குடிங்க."

"பரவால்ல ஃபாதர்," தொட்டுக்கிட்டுப் போயிட்டாங்க.

"நல்லாவே எடுத்துக்கோங்க," ரெண்டாவது ஆளுகிட்ட.

"இருமல் இருக்கு ஃபாதர், மத்தவங்களுக்கு ஒட்டிக்கும்."

மூணாவது ஆள் மோகனராஜ். பாத்திரத்தை எஸ்ரா அவரு வாய்ப்பக்கமா சாச்சாரு. மோகனராஜ் தலையைப் பின்னால இழுத்து, புருவத்தைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாரு. ஷிஃப்ட்டுல தூங்கினவனைப் பிடிச்ச பார்வை. தொட்டாரு, போயிட்டாரு. அதுக்கப்புறம் எஸ்ரா யார்கிட்டயும் கேக்கல.

பதினாலு பேரும் தொட்டுட்டுப் போனதுக்கப்புறம் பாத்திரம் கொஞ்சம்கூட எடை குறையல.

ஆர்கன் ஆரம்பிச்சுது. முடிக்கறப்போ பாடற பாட்டு, அஞ்சு சரணம். அஞ்சாவது முடியறதுக்குள்ள பாத்திரம் காலியாயி, கழுவி, துடைச்சு, துணி போட்டு மூடியிருக்கணும். அப்புறம் திரும்பி ஆசீர்வாதம் குடுக்கணும். எஸ்ரா ஜனங்களுக்கு முதுகைக் காட்டிப் பீடத்து முன்னால நின்னாரு.

மொத சரணம். பக்கத்துல துளசி அப்பத் தட்டைத் துடைச்சுக்கிட்டு இருந்தா. கெலுகோர்லேருந்து வர்ற பொண்ணு, நர்ஸ். வெள்ளை அங்கிக்குள்ளயே யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வந்து நிப்பா. எஸ்ரா உதடு அசையாம கேட்டாரு.

"துளசி, இதை நீ முடிக்கறியாம்மா?"

அவ பாத்திரத்தை எட்டிப் பார்த்தா. கண்ணு விரிஞ்சுது.

"இவ்வளவுமா? ஃபாதர், பன்னெண்டு மணிக்கு எனக்கு வார்டு. பேஷண்டுக்கு ஊசி போடற கை. வாடை அடிச்சாலே வார்டு சிஸ்டர் வீட்டுக்கு அனுப்பிடும்."

"பாதி?"

"ரெண்டு வாய் குடிக்கறேன். அதுக்கு மேல முடியாது. ஏன், நீங்க குடிக்கக் கூடாதா? மாத்திரை எதுவும் சாப்பிடறீங்களா?"

மாத்திரைன்னு ஒரு கதவை அவளே தொறந்து விட்டா. ஆமான்னு சொன்னா போதும். எஸ்ராவுக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. குளுவாங்லயும் இப்படித்தான். மாத்திரை, காய்ச்சல், தூக்கமில்ல, வெயில். எத்தனை மாத்திரை!

"இல்ல," ன்னாரு.

துளசி ரெண்டு வாய் குடிச்சா. கணக்கா ரெண்டு. பாத்திரத்தை அவரு கையில குடுத்துட்டு நகந்து நின்னா.

ரெண்டாவது சரணம் முடிஞ்சு மூணாவது போய்க்கிட்டு இருந்துச்சு. வாசனை மூக்குல ஏறினது அப்பதான். இனிப்பா, கெட்டியா, தெரிஞ்ச வாசனை. வாய்ல எச்சி ஊறிச்சு. அவருக்கு அவரு வாய் மேலயே அருவருப்பா இருந்துச்சு. ஆனாலும் ஊறிச்சு.

தலைக்குள்ள ஒருத்தன் பேச ஆரம்பிச்சான். இது மது இல்லடா, இது வேற. நீயா தேடிப் போனே? கடமை. ஒரு தடவை. யாருக்குத் தெரியப் போவுது? முதுகுதானே தெரியுது. குடிச்சுட்டு நாளைக்கு பிஷப்புக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிடு, முடிஞ்சுது. அவன் ரொம்ப அன்பாப் பேசினான். எப்பவுமே அன்பாத்தான் பேசுவான்.

இன்னொரு வழியும் இருந்துச்சு. திரும்பி உண்மையைச் சொல்லிடலாம். ஆனா சொன்னா? போன மாசம்தான் வெள்ளிக்கிழமை கோயில்ல போடற இலவசச் சாப்பாட்டுக்கு வந்த ஒரு ஆளு போதையில வாசப்படியில படுத்துட்டான்னு மோகனராஜ் கமிட்டியில மேசையைத் தட்டினாரு. "இது கோயிலா, குடிகாரன் சத்திரமா? வர்றவன் போறவனுக்கெல்லாம் கதவைத் தொறந்து வச்சா இப்படித்தான்." எஸ்ராதான் எழுந்து, கதவு தொறந்தே இருக்கும், யாரா இருந்தாலும் வரலாம்னு பெரிசாப் பேசினாரு. அந்தச் சாப்பாடு ஓட்டெடுப்புல ஒரே ஓட்டுல தப்பிச்சுது. இப்ப அந்தக் குடிகாரனுக்குப் பரிஞ்சு பேசினவனே ஒரு குடிகாரன்னு தெரிஞ்சா சபையும் போச்சு, வெள்ளிக்கிழமை சாப்பாடும் போச்சு.

நாலாவது சரணம்.

பாத்திரத்தைத் தூக்கினாரு. ரசம் விளிம்புல ஆடிச்சு. வெள்ளி உதட்டுல ஜில்லுன்னு பட்டுச்சு. அப்படியே நின்னாரு. ஒரு சாய்ப்பு, அவ்வளவுதான். நாக்கு பல்லுக்குப் பின்னாலேருந்து முன்னால வந்துடுச்சு. ஒரு சொட்டுதான் முக்கியம், மிச்சமெல்லாம் அதுவா எறங்கிடும். அது அவருக்கு நல்லாத் தெரியும்.

செத்தவனோட தம்பி நிமிந்து பார்த்தான்.

எஸ்ரா பாத்திரத்தைக் கீழ எறக்கினாரு. உதட்டை அங்கியோட கையில அழுத்தித் தேச்சாரு, வலிக்கற அளவுக்கு.

அஞ்சாவது சரணம் முடிஞ்சு பாட்டு நின்னுச்சு. ஆர்கன்காரர் ஓரக்கண்ணுல பார்த்தாரு, பாத்திரம் மூடல. கடைசி வரியை இன்னொருக்கா வாசிச்சாரு. அதுவும் முடிஞ்சுது. 

எஸ்ரா திரும்பினாரு. பாத்திரம் கையிலயே இருந்துச்சு.

"இதை நான் குடிக்க முடியாது," ன்னாரு. குரல் அவருக்கே வேற ஆளு குரல் மாதிரி கேட்டுச்சு. "நான் குடிகாரன். விட்டு மூணு வருஷம் நாலு மாசம் ஆவுது. இதுல ஒரு வாய் குடிச்சேன்னா நான் திரும்ப அங்கதான் போயி நிப்பேன். இதைக் கொட்டவும் கூடாது. அதனால நீங்க வந்து குடிச்சு முடிக்கணும். உங்ககிட்ட இதைக் கேக்கறேன்."

 யாரோ ஒருத்தர் தொண்டையைச் செருமினாங்க. மோகனராஜ் எழுந்து நின்னாரு. வருவாருன்னு நினைச்சா, வரல.

"ஷர்வினுக்குத் தெரியுமா?" ன்னு நின்ன இடத்துலேருந்தே கேட்டாரு.

"தெரியும் அண்ணே."

"பிஷப்புக்கு?"

"அவருதான் என்னை இல்லத்துல சேத்தவரு."

"அப்போ எங்களுக்கு மட்டும்தான் தெரியாது." மோகனராஜ் குரல் உசரல. அதுதான் எஸ்ராவுக்குப் பயமா இருந்துச்சு. "ரெண்டு வருஷம். எம்மவ கல்யாணத்தை நடத்தி வச்சீங்க. வீட்டுல உக்காந்து சாப்பிட்டீங்க. எவன் வந்தாலும் நம்புங்க நம்புங்கன்னு எங்களைத்தான் சொன்னீங்க. நீங்க எங்களை நம்பல."

 நம்பலங்கறது உண்மை.

"ஆமா அண்ணே," ன்னாரு. "நம்பல."

அப்பதான் ஜெயலெட்சுமி எழுந்தா. ஜெலுத்தோங் பாசார்ல மீன் வெட்டறவ, கடையைப் புருசன்கிட்ட விட்டுட்டு ஓடி வந்து இந்த ஆராதனைக்கு உக்காருவா. பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவுல ஒடம்பைத் திருப்பி வெளிய வர்றதுக்கே கொஞ்ச நேரம் ஆச்சு.

"எவ்வளவு நேரம் ஃபாதர் கையிலயே வச்சுக்கிட்டு நிப்பாரு? கை வலிக்காதா அவருக்கு?" ன்னு பொதுவா யாரையோ கேட்டா. கம்பி கிட்ட வந்து பாத்திரத்தை ரெண்டு கையாலயும் வாங்கினா. "நான் வெறும் வயிறு ஃபாதர். மயங்கி விழுந்தா நீங்கதான் தூக்கணும், எம்பது கிலோ லாஹ்."

"ஜெயலெட்சுமி, இது சாராயக் கடை இல்ல," ன்னாரு மோகனராஜ்.

"தெரியுது அண்ணே. அங்க இவ்வளவு பேசவிடமாட்டாங்க."

ரெண்டு பேரு சிரிச்சு, உடனே அடக்கிக்கிட்டாங்க. ஜெயலெட்சுமி சிரிக்கல. கண்ணை மூடி, முழுசா மூணு வாய் குடிச்சா. குடிச்சுட்டு விளிம்பைத் துணியால துடைச்சு, பின்னால திரும்பிப் பார்த்தா. பார்த்த பார்வையில ஆர்கன்காரர் எழுந்தாரு. இருமல்காரரும் எழுந்து, "நான் கடைசியா குடிக்கறேன், யாருக்கும் ஒட்டாது," ன்னு வரிசையில பின்னால போயி நின்னாரு. ஒவ்வொருத்தரா வந்தாங்க. வாய் வச்சுக் குடிச்சாங்க, கோவிட்டுக்கப்புறம் மொத தடவையா. எஸ்ரா பாத்திரத்தைத் தொடல. துளசி பிடிச்சுக்கிட்டா. அவரு பக்கத்துல நின்னு, வாசனை வரும்போதெல்லாம் மூச்சை அடக்கினாரு.

பன்னெண்டு பேரு குடிச்சாங்க. மோகனராஜும் அவரு சம்சாரமும் வரல. அந்தம்மா ரெண்டு தடவை எழுந்திரிக்கப் பார்த்தாங்க, மோகனராஜ் கையை வச்சதும் உக்காந்துட்டாங்க.

இருமல்காரரு பாத்திரத்தைக் கவுத்துக் காட்டினாரு. துளசி தண்ணி ஊத்திக் கழுவி, அந்தத் தண்ணியையும் குடிச்சா, துடைச்சு, துணியைப் போட்டு மூடினா.  

"நாளைக்குக் கமிட்டி கூட்டறேன்," ன்னாரு மோகனராஜ். "அவசரக் கூட்டம். நீங்களும் வரணும்."

"வர்றேன் அண்ணே."

"எல்லாத்தையும் அங்க சொல்லணும். குளுவாங்ல என்ன நடந்துச்சுன்னு. ஒண்ணு விடாம."

"சொல்றேன்."

மோகனராஜ் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கிட்டாரு.

"ஆசீர்வாதம் குடுங்க," ன்னாரு. "ஜனங்க நிக்கறாங்க."

எஸ்ரா கையைத் தூக்கினாரு. பதிமூணு தலை குனிஞ்சுது. மோகனராஜ் மட்டும் குனியல, கையைக் கட்டிக்கிட்டு நேரா அவரையே பார்த்துக்கிட்டு நின்னாரு. எஸ்ராவும் கண்ணை எடுக்காம, ஆசீர்வாதத்தைக் கடைசி வார்த்தை வரைக்கும் அவரைப் பார்த்தே சொன்னாரு.