மூன்றாம் ஓலை

மிஷன்பேட்டையில் கல்யாணம் நிச்சயமானால் மட்டும் போதாது. சர்ச்சில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். "இந்தத் திருமணத்துக்குத் தடை இருந்தால் சொல்லுங்கள்" என்று போதகர் சபையைப் பார்த்துக் கேட்பார். வெள்ளைக்காரப் பாதிரி பங்களா கட்டி, அதைச் சுற்றித் தெருக்கள் முளைத்த காலத்திலிருந்து, வீட்டுக்கு வீடு மாடியில் கம்பெனிப் பையன்களுக்கு ரூம் எழும்பிவிட்ட இந்தக் காலம் வரை ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. கேட்பது ஒரு சடங்கு, பேசாமல் உட்கார்ந்திருப்பது இன்னொரு சடங்கு.

இசைவாணிக்குத்தான் மூன்றாம் ஞாயிறை நினைத்தால் பயமாக இருந்தது. மாப்பிள்ளை எழிலரசன் சேரப்பணஞ்சேரிக்காரன், ஒரகடம் கம்பெனியில் அவளோடு ஒரே லைனில் வேலை. போன மாதம் அவன் ஞானஸ்நானம் வாங்கியதிலிருந்து அவன் அப்பா தசரதன் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணத்துக்கு வருவாரா என்பதும் தெரியவில்லை. அவர் வராவிட்டால் எழிலரசன் வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே உடைந்துபோவான். அதை நினைத்தே அவளுக்குத் தூக்கம் போயிருந்தது.

அன்று அவனுக்கு லீவும் கிடைக்கவில்லை. இசைவாணி தன் அப்பா ஜெபகுமாரோடு சர்ச்சுக்கு வந்திருந்தாள். இரண்டாம் பாட்டின்போது பக்கத்திலிருந்த மரகதம் அத்தை நறுக்கென்று கிள்ளினாள்.

"அடியே, உன் மாமனாரு வந்துகீறாரு!"

திரும்பினாள். நெற்றி நிறையத் திருநீறு, கஞ்சி போட்ட வேட்டி. தெரியாத்தனமாகப் பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார் தசரதன்.

போதகர் ஓலை வாசித்தார். வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல, "தடை இருந்தால் சொல்லுங்கள்" என்றார்.

தசரதன் எழுந்து நின்றார்.

"எனுக்கு ஒரு தடை கீதுங்க."

ஜெபகுமார் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தாள் இசைவாணி.

"சொல்லுங்க பெரியவரே" என்றார் போதகர். அவருக்கும் இது புதிது.

"கல்யாணத்துக்கு இல்லீங்க, நேரத்துக்கு. வெள்ளிக்கெழம பத்தரைல இருந்து ராகு காலம். பையன் உங்க சாமிகிட்ட வந்துட்டான், எனுக்கு வருத்தந்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். அத்த வுடுங்க. எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு நல்லா இருக்கணும். அந்த நேரத்துல தாலி ஏறக்கூடாதுங்க."

"நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல சம்பந்தி..." என்று ஆரம்பித்த ஜெபகுமார், தன் வாயில் வந்த அந்த உறவைத் தானே கேட்டு, குனிந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

போதகர் சிரித்தார். "கர்த்தர் குடுத்த எல்லா நேரமும் நல்ல நேரந்தான். நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

"ஒம்போதேகால்."

"அதுவும் அவர் குடுத்ததுதானே" என்று போதகர் பேனாவை எடுத்துத் திருத்தினார்.

ஆராதனை முடிந்ததும் இசைவாணி வாசலில் நின்று எழிலரசனுக்குப் போன் போட்டாள். டீ பிரேக்கில் எடுத்தான்.

"உங்கப்பா சர்ச்ல எழுந்து தடை சொல்லிட்டாருப்பா" என்றாள். அதற்கு மேல் பேச முடியாமல் அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கம் அவன் "இன்னா சொன்னாரு, இன்னா சொன்னாரு" என்று பதறினான்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த தசரதன் கையை நீட்டிப் போனை வாங்கினார். ஒற்றைச் செருப்போடு நின்றபடியே காதில் வைத்தார்.

"டேய், ஒம்போதேகாலுக்குடா. லேட்டா வந்து நிக்காத."