மிச்சம் வைத்த சென்ட்

குப்புராஜ் அந்த மல்லிகை சென்ட்டைப் போட்டுக்கொண்ட நாள்களிலெல்லாம் ஊர் அவனை அமுதவல்லியாகத்தான் பார்த்தது. அமுதவல்லி அவன் பெண்டாட்டி. முதல் தடவை இது நடந்தபோது அவள் செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்குப் பாலக்கோடு மண்டியில் தக்காளி பெட்டி நூற்றியெண்பதுக்குப் போனது.

தப்பு அவன் மேல்தான், அதில் ரெண்டு பேச்சு இல்லை. மாரண்டஹள்ளிப் பக்கம் எங்கள் ஊரில் செத்தவர் மேல் சென்ட் அடிப்பது வழக்கம். செத்தவர் பூசின சாமானில் மிச்சம் வைக்கக் கூடாது என்பதும் வழக்கம். சோப்போ பவுடரோ, இருப்பதைக் கூடவே குழியில் போட்டுவிட வேண்டும். அமுதவல்லியைக் குளிப்பாட்டிக் கிடத்தினதும் அவளுடைய அலமாரியிலிருந்து அந்த பாட்டிலை எடுத்து வந்தான். ரெண்டு தடவை அடித்தான். முக்கால் பாட்டில் அப்படியே இருந்தது. “முழுசா அடிச்சு விடுப்பா” என்று பெண்கள் சொல்லச் சொல்ல, நல்ல சாமான் வீணாகிறதே என்று இடுப்பில் சொருகிக்கொண்டான். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன், பெண்டாட்டி சாவில் மட்டும் மாறிவிடுவானா?

ஏழு மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டான். காலையில் தோட்டத்துக்கு மருந்து அடித்த நாற்றம், ரெண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. பாட்டிலை எடுத்துக் கழுத்தில் அடித்துக்கொண்டான். முதலில் சில்லென்று இருந்தது, பிறகு சூடேறியது. தலைக்குள் குண்டுமல்லி மூட்டையை அவிழ்த்துக் கொட்டின மாதிரி ஒரு கிறக்கம். ஆம்பளை இதைப் போட்டுக்கொண்டு போனால் சிரிப்பார்களே என்று துண்டால் கழுத்தைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினான். பெண்கள் பக்கத்திலிருந்து அமுதவல்லியின் சிநேகிதி மலர்விழி கை தட்டினாள். “அமுதா, இங்க வாடி, எடம் இருக்குது.” போய் உட்கார்ந்தான். டிரைவர் கண்ணாடியில் அவனுக்கு அவன் மீசைதான் தெரிந்தது. மற்றவர்களுக்கு அமுதவல்லி தெரிந்தாள். அவள் செத்தவள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அது ஒரு பொருட்டாக யாருக்கும் படவில்லை. இளைத்துவிட்டாய், வெயிலில் போகாதே என்றார்கள். மண்டபத்தில் பெண்கள் பந்தியில் சாப்பிட்டான். சாயங்காலம் வாசனை அடங்கினதும் குப்புராஜாகத் திரும்பி வந்தான்.

வேறொருவனாக இருந்தால் பாட்டிலை அன்றைக்கே குழிமேட்டில் கொண்டுபோய்ப் புதைத்திருப்பான். இவனுக்கு ஒரு காரணம் இருந்தது. அமுதவல்லி வயிற்றுவலியில் செத்தாள். செத்த அன்று காலையில், “தாங்க முடியலைங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றாள். அன்றைக்குத் தக்காளி பெட்டி எண்ணூறு ரூபாய். பறித்து வண்டி ஏற்றிவிட்டு மத்தியானம் போகலாம் என்று தோட்டத்துக்குப் போனான். மத்தியானம் வந்தபோது கட்டிலில் கண் திறந்தபடி கிடந்தாள். வூட்டில் வேறு ஆள் கிடையாது, பிள்ளைகுட்டியும் இல்லை. சாகிறதுக்கு முன்னால் அவனைப் பற்றி யாரிடமாவது சொன்னாளா, என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ளாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் உருவத்திலேயே போனால்தானே அவளிடம் பேசினதைப் பேசுவார்கள்.

அப்புறம் வாரம் ஒரு நாள் அடித்துக்கொண்டு கிளம்பினான். ரேஷன் கடைக்குப் போனான், மாரியம்மன் கோயில் கூழுக்குப் போனான். அவனைத் திட்டுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு போனால், கேட்டது வேறு. “உன் வூட்டுக்காரரு வாங்கியாந்த சென்ட்டுதான, என்னா வாசம்!” என்றாள் ஒருத்தி. அவன் வாங்கவேயில்லை. ஓசூர் கம்பெனிச் சம்பளத்தில் அவளே வாங்கினது. தீபாவளிக்குப் பட்டு எடுத்தாராமே, காய்ச்சலில் கஞ்சி வைத்தாராமே என்று மற்றவர்கள் கேட்டார்கள். அவனுக்குக் கஞ்சி வைக்கத் தெரியாது. ஊருக்குள் யாரோ ஒரு நல்ல குப்புராஜை அவள் பன்னிரண்டு வருஷமாக நடமாட விட்டிருந்தாள். அதைக் கேட்கக் கேட்க அவனுக்கு அவமானமாக இருந்தது. மத்தியானத்துக்கு மேல் சென்ட் வாடின பூவாக நாறத் தொடங்கும், தலைவலி வரும். இருந்தாலும் கழுவ மாட்டான்.

நிர்மலாதேவியிடம் மட்டும் போகாமல் இருந்தான். கம்பெனி பஸ்ஸில் அமுதவல்லியோடு தினமும் போய்வந்தவள் அவள். அந்தக் கடைசிக் காலையில் அமுதவல்லியோடு போனில் பேசினவளும் அவள்தான் என்று போனைப் பார்த்துத் தெரிந்திருந்தது, அதுதான் அவனுக்குப் பயம். பாட்டிலில் கடைசிச் சொட்டு நின்றபோது வேறு வழியில்லாமல் அதையும் அடித்துக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை, அவள் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இவனைப் பார்த்ததும் நுரைக் கையோடு எழுந்து வந்து கட்டிக்கொண்டாள்.

“செத்துப் போறப்போ ரொம்ப வலிச்சுதாடி?” என்றாள். அவன் தலையாட்டினான்.

“அன்னைக்குப் பிரேக்ல நான் போன் பண்ணினனே. கொரல் சரியில்ல, எங்கண்ணன் ஆட்டோவ அனுப்பறேன்னு சொன்னனே. வேணாம், அவரு கார் சொல்லிட்டாரு, இதோ கிளம்பிட்டோம்னு நீதான சொன்ன? ஓசூர் ஆஸ்பத்திரிக்கே போயிட்டீங்கன்னு நெனச்சு நான் பாட்டுக்கு வேலையப் பார்த்தேன். காரு வந்துச்சா இல்லையாடி?”

குப்புராஜ் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்தான். நிர்மலாதேவியின் அண்ணன் முருகேஷின் ஆட்டோ பக்கத்துத் தெருவில் நின்றிருக்கிறது. புருஷன் மானத்தைக் காப்பாற்ற அமுதவல்லி அதை வேண்டாம் என்றிருக்கிறாள். பாவி, அதற்குக்கூட லாயக்கில்லாதவனுக்காக.

“காரு வரல” என்றான். “யாரும் காரு சொல்லல. அவரு தக்காளி பறிக்கப் போயிட்டாரு.”

நிர்மலாதேவி அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அப்ப ஏன்டி எங்கிட்டச் சொல்லல? அஞ்சு நிமிசத்துல ஆட்டோ வந்திருக்குமே. ஏன்டி சொல்லல?”

அவனுக்கு அது தெரியாது. ஆனாலும் வாய் திறந்தபோது பதில் வந்தது. அது அவன் குரலா அவள் குரலா என்று இன்றைக்கும் அவனால் சொல்ல முடியவில்லை.

“எப்படியும் வந்துருவாருன்னு நெனச்சேன்.”

ரெண்டு பேரும் அங்கேயே அழுதார்கள். துணி பாதியில் கிடந்தது. அன்று சாயங்காலம் வாசனை அடங்கவில்லை, மறுநாளும் அடங்கவில்லை. கிணற்றில் முங்கினான், சீயக்காய் போட்டுத் தேய்த்தான், மருந்து அடிக்கும் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நாளெல்லாம் நின்றான். ஒன்றும் ஆகவில்லை. இது நடந்து ரெண்டு வருஷமாகிறது. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. ஊரில் எல்லாரும் அவனை அமுதா என்றே கூப்பிடுகிறார்கள். உன் வூட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று புதிதாக வந்தவர்கள் யாராவது கேட்டால், உள்ளதைச் சொல்கிறான். பக்கத்தில் நிற்கும் ஊர்க்காரர்கள் ஒருத்தரும் நம்புவதில்லை. அவர் தங்கமான மனுசராச்சே, ஏன்டி இப்படிப் பேசுற என்று அவனைத்தான் கண்டிக்கிறார்கள்.