படத்தில் இருக்கும் காகிதக் கப்

"உங்கூடு எங்க கண்ணு?" என்று பேராசிரியர் காளிச்சாமியின் மனைவி கேட்டபோது, மோனிஷா மறைக்காமல் தன் காலனியின் பெயரைச் சொன்னாள். அந்த அம்மாளின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. உள்ளே போய்த் திரும்பி வந்தபோது, பேராசிரியருக்கும் ஆசிரியை ஜின்சிக்கும் மற்ற மாணவர்களுக்கும் சில்வர் டம்ளரில் காபி. மோனிஷாவுக்கு மட்டும் காகிதக் கப்.

"நீ இதுல குடி கண்ணு. குடிச்சுப்போட்டு வெளிய குப்பையில போட்டுரு."

பேராசிரியர் பார்த்தார். பார்த்துவிட்டு, சமத்துவம் பற்றித் தொடர்ந்து பேசினார். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து டீக்கடைகளில் இருந்த தனிக் குவளைப் பழக்கத்தை ஆராய்ந்து பட்டம் வாங்கி, அதைப் புத்தகமாகவும் போட்டவர் அவர். அந்தப் புத்தகத்துக்காக அவருக்குப் பொன்னாடை போர்த்தாத ஊர் இல்லை. படிக்கிறது இராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

கல்வியாளர்களைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுத மாணவர்களைப் பழக்கிக்கொண்டிருந்தாள் ஜின்சி. அதற்காகத்தான் வந்திருந்தார்கள். காபி குடிக்கும்போதே பேராசிரியர் தன் மகனைக் கூப்பிட்டு, எல்லோரும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொன்னார். மாணவர்களோடு கலந்து பழகுகிறவர் என்று உலகத்துக்குத் தெரிய வேண்டுமாம். மோனிஷா குடிக்காத கப்பைக் கையில் வைத்தபடி நின்றாள். அன்று மாலையே மகனைக் கொண்டு அந்தப் படத்தைக் களஞ்சியத்தில் ஏற்றியும் விட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜின்சிக்குத் தலை நிமிரவில்லை. வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டத்தில் கூலிக்காரர் வீட்டில் பிறந்தவள். இந்த அவமானம் அவளுக்குப் புதிதல்ல. அங்கேயே தானும் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"இந்த ஆளு நமக்கு வேண்டாம் பிள்ள. வேற ஆளப் பாப்போம்."

"இல்லீங்க டீச்சர். நானே எழுதறேன்."

கப்பைப் பற்றி எழுதத்தான் முதலில் கை துடித்தது. அப்படி எழுதினால் நீக்கிவிடுவார்கள் என்று ஜின்சி விளக்கினாள். எங்காவது அச்சில் வந்ததை மட்டுமே எழுதலாம். புகழவும் கூடாது, திட்டவும் கூடாது. வீட்டுக்குள் நடக்கிற அவமானம் எந்தப் பத்திரிகையில் வருகிறது? பழி வாங்கியே ஆக வேண்டும் என்று மோனிஷா நினைத்தாள். அப்படி நினைக்க அவள் வெட்கப்படவில்லை. அவருடைய புத்தகத்தை வரி விடாமல் படித்து, ஒரு சொல் கூட்டாமல் எழுதினாள். தனிக் குவளைக் கொடுமையைப் பற்றி அவர் எழுதியதைச் சொல்லும் பத்திக்குப் பக்கத்தில் அவர் ஏற்றிய படத்தை வைத்தாள். கீழே, 'தன் வீட்டில் மாணவர்களுடன் காபி அருந்தும் பேராசிரியர்' என்று மட்டும் போட்டாள். ஜின்சி வரி வரியாகச் சரிபார்த்தாள். விதிப்படி அதில் திருத்த ஒன்றுமில்லை.

பக்கம் வெளியானதும் பேராசிரியர் அதை ஊரெல்லாம் அனுப்பினார். பழைய மாணவர் ஒருவர்தான், அந்தப் பெண் கையில் மட்டும் ஏன் சார் காகிதக் கப் என்று அவரிடமே கேட்டாராம். உடனே அவர் ஜின்சியை அழைத்தார். ஜின்சி போனை மோனிஷாவிடம் கொடுத்தாள்.

"அந்தப் படத்த எடுத்துரு கண்ணு. வேற நல்ல படம் தாறேன்." குரல் குழைந்தது.

"எடுக்கலாமுங்க ஐயா. ஆனா ஏன் எடுக்கறோம்னு எல்லாரும் படிக்கற மாதிரி அங்க காரணம் எழுதோணும். நீங்களே சொல்லுங்க, என்னன்னு எழுதட்டும்?"

மறுமுனையில் அவர் மனைவி, என்னாச்சு என்று கேட்பது காதில் விழுந்தது. பேராசிரியர் போனை வைத்துவிட்டார்.

படம் இன்றும் அங்கேயே இருக்கிறது.