மூன்று முறையும் அதே எண்

என் தங்கைக்கு மனிதர்களைவிட மெஷின்மேல் நம்பிக்கை அதிகம். சலுகை விலையில் கிடைக்கிறதே என்று, ஒரு தும்மல்கூட இல்லாத மகளுக்கு அலர்ஜி ரத்தப் பரிசோதனை எடுத்தாள். முட்டைக்கு எண் கூடுதலாக வந்துவிட்டது. அன்றோடு வீட்டில் முட்டை, கேக், பிஸ்கட் எல்லாம் நின்றன. பிள்ளையைப் பிறந்தநாள் வீடுகளுக்கும் அனுப்புவதில்லை. அதுவரை அந்த வாலு தினமும் முட்டை தின்று நன்றாகத்தானே இருந்தாள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் வேலை பார்ப்பது பரிசோதனைக் கூடத்தில். எண்ணை மட்டும் வைத்து அலர்ஜி என்று முடிவு செய்யக் கூடாது என்று மாதக்கணக்கில் சொல்லியும் கேட்காததால், வாலுவின் ரத்தத்தை எடுத்து எங்கள் மெஷினில் மூன்று முறை ஓட்டிக் காட்டினேன். எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின்னால் மட்டும்தான் மாறியது.

"மூணு தடவையும் அதேதானேக்கா? அப்புறம் என்ன?" என்றாள் தங்கை.

"மெஷின் சரியாத்தான் அளக்குது. ரத்தத்துல முட்டைக்கு எதிரா ஒண்ணு இருக்கு, அவ்வளவுதான். அவ சாப்பிட்டா என்ன ஆகும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

இருவரையும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவரும் அதையேதான் சொன்னார். ஆனால் இத்தனை மாதம் நிறுத்தியிருப்பதால் வீட்டில் கொடுத்துப் பார்க்க வேண்டாம், ஆஸ்பத்திரியில், அலர்ஜி வந்தால் உடனே போடும் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்றார். தங்கையைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நர்ஸ் நகக்கண் அளவு வெந்த முட்டையைத் தட்டில் வைத்தார். வாலு வாயை இறுக மூடிக்கொண்டாள். கெஞ்சினேன், மிரட்டினேன், பொம்மை வாங்கித் தருகிறேன் என்றேன். மசியவில்லை. தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சாப்பிட்டா செத்துடுவேன்னு நீதானேம்மா சொன்னே?"

எனக்கு இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. தங்கை கீழே மண்டிபோட்டு அவள் முகத்தைப் பிடித்தாள்.

"அம்மாவுக்குப் பயம்டி. பயத்துல சொல்லிட்டேன். டாக்டர் பக்கத்துலயே இருக்கார்."

வாலு கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். மதியத்துக்குள் முழு முட்டையும் உள்ளே போயிற்று. ஒரு தடிப்புகூட இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கவைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே கொடுக்கலாம் என்று அனுப்பினார்கள்.

வாசலுக்கு வந்ததும் வாலு என் கையை இழுத்தாள்.

"பெரியம்மா, நாளைக்குச் சாப்பிட்டாலும் சாகமாட்டேன்ல?"

தங்கை அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.